கடவுளான அரசர்கள்: யாருக்கு லாபம்?

பண்டைய ரோமாபுரியையும் எகிப்தையும் பற்றிப் பேசுகிறவர்கள் வாளையும் கப்பலையும் பற்றியே பேசுகிறார்கள். சீசர் வென்றான், அந்தோணி தோற்றான், கிளியோபாத்ரா மாண்டாள் என்பதோடு சரித்திரம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தோழர்களே, வாள் ஊரைப் பிடிக்கும். பிடித்த ஊரைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்காது. ஆயிரம் குடிகளுக்கு ஒரு பட்டாளக்காரன் என்றால், அந்த ஆயிரம் பேரும் ஒரே நாளில் "முடியாது" என்று சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? ஆகவே "முடியாது" என்ற சொல் குடிகளின் வாயில் வராமலிருக்க வழி தேடவேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அவ்விரு நாட்டுத் தலைவர்களும் கூலிக்கு அமர்த்திக்கொண்ட ஆள் யார்? கடவுள்தான்.

முதலில் எகிப்தைப் பார்ப்போம். 1799-ல் பிரெஞ்சுப் பட்டாளத்தார் ரொசெட்டா என்னும் ஊரருகே ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அக்கல்லின் துணைகொண்டுதான் 1822-ல் ஷாம்போலியன் என்ற அறிஞர் எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்க வழி கண்டார். இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் கல்லில் எழுதியிருக்கும் சங்கதி என்ன என்று கேட்பவர்கள் சிலரே. கி.மு. 196-ல் எகிப்துப் புரோகிதர்கள் மகாநாடு கூடி நிறைவேற்றிய தீர்மானம் அது. அப்போது அரசன் ஐந்தாம் தாலமி. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். தெற்கே கலகம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பையனைப் பிரத்தியட்ச தெய்வம் என்று சொல்லி, ஒவ்வொரு கோயிலிலும் அவன் சிலையை வைத்துத் தினம் மூன்று வேளை வழிபாடு நடத்தவேண்டும், அவன் பிறந்தநாளைத் திருவிழாவாகக் கொண்டாடவேண்டும் என்று புரோகிதர்கள் தீர்மானித்தார்கள்.

பையன் என்ன அற்புதம் செய்தான்? அதையும் கல்லே ஒளிக்காமல் சொல்லுகிறது. கோயில்களுக்குப் பணமும் தானியமும் கொடுத்தான். கோயில்கள் செலுத்தவேண்டிய வரியைத் தள்ளினான். புரோகிதர்கள் ஆண்டுதோறும் அலெக்சாந்திரியாவுக்குப் பிரயாணம் வரவேண்டிய தொல்லையை நீக்கினான். இவ்வளவுதான் அற்புதம்! வரி தள்ளியவன் கடவுளானான். கடவுளாக்கியவர்களுக்கு வரி தள்ளுபடியாயிற்று. கோயில் பட்டயத்திற்கு ஓர் எழுத்து, ஊர் வழக்கிற்கு ஓர் எழுத்து, கிரேக்கர்களுக்கு ஓர் எழுத்து என்று மூன்று விதமாக அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இதற்குப் பெயர் பக்தியா, வியாபாரமா என்று கேட்கிறோம்.

நிற்க, ரோமாபுரி ராஜா இல்லாத குடியரசாயிற்றே, அங்கே இப்படி நடந்திருக்குமா என்று சிலர் கேட்கலாம். அங்கே புரோகிதப் பதவியே தேர்தல் சரக்காக இருந்தது! கி.மு. 63-ல் சீசர் கழுத்தளவு கடனில் நின்றுகொண்டு, லஞ்சத்தை வாரியிறைத்துத் தலைமைப் புரோகிதர் பதவியைப் பிடித்தான். நான்கு வருஷம் கழித்து, கி.மு. 59-ல் அவன் கான்சல் என்னும் உயர்ந்த பதவியில் இருந்தபோது, உடன் பதவி வகித்த பிபுலஸ் என்பவன் வீட்டிற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, "வானத்தில் சகுனம் சரியில்லை, சீசர் செய்யும் சட்டம் செல்லாது" என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தான். சீசர் அதை லட்சியம் செய்தானா? சிறிதும் இல்லை. அபசகுனத்தைக் கிளப்பியவன் அரசியல்வாதி. அதைக் காலால் தள்ளியவன் அந்நாட்டுத் தலைமைப் புரோகிதன்! சகுனத்தை நம்பி நடுங்கியது யாரென்றால், தெருவிலிருந்த ஏழை ஜனங்கள்தான்.

பெரிய மேதையென்று பெயரெடுத்த சிசரோவின் யோக்கியதையும் இதுதான். சகுனம், ஜோசியம், குறி எல்லாம் பொய்யென்று கி.மு. 44-ல் ஒரு புத்தகத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்காட்டியவர் அவர். ஆனால் அவரே சகுனம் பார்க்கும் அதிகாரிகளில் ஒருவர். பாமர ஜனங்களுக்காகவும் அரசாங்க நன்மைக்காகவும் அந்த வழக்கம் இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. தான் உண்ணாத பண்டத்தை ஊருக்குப் பரிமாறுவது என்ன நேர்மை?

இந்த வித்தையில் எல்லோரையும் மிஞ்சியவன் ஆக்டேவியன். கி.மு. 44-ல் சீசர் கொலையுண்டபின், சீசரின் ஞாபகார்த்த விளையாட்டுகள் நடந்தபோது வானத்தில் வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. அது சீசரின் ஆத்மா என்று ஜனங்கள் பேசினார்கள். ஆக்டேவியன் அப்பேச்சை விடவில்லை. சீசரின் சிலைத் தலையில் நட்சத்திரம் வைத்தான். கி.மு. 42-ல் செனட் சபை சீசரைக் கடவுளென்று தீர்மானித்தது. அப்பன் கடவுளென்றால் சுவீகார மகன் யார்? தெய்வ மைந்தன் என்ற பட்டம் ஆக்டேவியனுக்கு நோகாமல் கிடைத்தது.

எதிர்க்கட்சியாரும் சும்மா இருக்கவில்லை. கிளியோபாத்ரா ஐசிஸ் தேவியாக வேஷம் பூண்டாள்; அந்தோணி டயோனிசஸ் தேவனாக உலாவினான். ஆக்டேவியன், கி.மு. 32-ல் கன்னிப் பூசாரிணிகளிடம் அடைக்கலமாயிருந்த அந்தோணியின் உயிலைப் பிடுங்கிவந்து சபையில் படித்தான். இறந்தால் தன்னை அலெக்சாந்திரியாவில் புதைக்கவேண்டும் என்று அந்தோணி அதில் எழுதியிருந்ததாகச் சொல்லி ரோமரின் ரோஷத்தைக் கிளப்பினான். நடக்கப்போவது ரோமரும் ரோமரும் வெட்டிக்கொள்ளும் சண்டை. ஆனாலும் அந்தோணியின் பெயரை விட்டுவிட்டுக் கிளியோபாத்ராமீது மட்டும் யுத்தப் பிரகடனம் செய்தான். கி.மு. 31-ல் ஆக்டியம் கடற்போரில் வென்றான். மறுவருஷம் எகிப்தையும் பிடித்தான்.

இனித்தான் வேடிக்கை. எகிப்தில் ஏபிஸ் என்ற புனிதக் காளையைப் பார்க்க அழைத்தபோது, தேவர்களைக் கும்பிடுவேனேயன்றி மாட்டைக் கும்பிடேன் என்று மறுத்தானாம். கி.மு. 28-ல் ரோம் நகரெல்லைக்குள் எகிப்துத் தெய்வங்களின் சடங்குகளைத் தடுத்தான். சபாஷ், பகுத்தறிவுக்காரன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்! எகிப்துக்குத் தெற்கே டெண்டூர் என்ற இடத்தில் அவன் காலத்தில் கட்டிய கோயிலில், அதே மனிதன் எகிப்து அரசனின் வேஷத்தில் அந்நாட்டுத் தெய்வங்களுக்குப் படையலிட்டு நிற்கிறான். அஸ்வான் அணை கட்டப்பட்டபோது பெயர்த்தெடுக்கப்பட்ட அக்கோயில் 1978 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். ரோமில் ஒரு கடவுள், எகிப்தில் ஒரு கடவுள். கல்லாப்பெட்டி மட்டும் ஒன்றே!

கி.மு. 27-ல் குடியரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அகஸ்டஸ் என்ற பட்டத்தைப் பெற்றான். படை அவன் கையிலேயே இருந்தது. எகிப்தின் தானியமும் அவன் கையிலேயே இருந்தது. செனட் சபையார் அவன் அனுமதியின்றி எகிப்தில் கால் வைக்கவும் கூடாது. கி.மு. 12-ல் தலைமைப் புரோகிதனானான். உடனே ஊரிலிருந்த ஆரூடப் புத்தகங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொளுத்தினான். மூடநம்பிக்கையை ஒழிக்கவா? இல்லை. சிபில் ஆரூடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, தன் வீட்டையடுத்துத் தானே கட்டிய அப்பல்லோ கோயிலில் பத்திரப்படுத்தினான். ஆரூடம் வேண்டியதுதான், சாவி மட்டும் தன் இடுப்பில் இருக்கவேண்டும்!

கி.பி. 14-ல் இறந்தான். அவன் வானத்திற்கு ஏறிப்போனதைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு பெரிய மனிதன் சத்தியம் செய்தான். அவனுக்கு அகஸ்டஸின் மனைவி லிவியா பத்து லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்ததாக டியோ என்ற சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். மோட்சத்திற்குச் சாட்சிக்கூலி!

"அதெல்லாம் சரி, அவனால் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்ததே, ரொட்டி கிடைத்ததே" என்பார்கள் சிலர். ஓய்ந்தது வாஸ்தவம்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கொடுத்த விலையையும் பாருங்கள். அவன் செத்த அதே வருஷம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களிடமிருந்து செனட் சபைக்குப் போய்விட்டது. ஜனங்கள் சிறிது முணுமுணுத்தார்கள், அவ்வளவே. அவர்கள் பாட்டன்மார் போராடிப் பெற்ற உரிமை அது. வாளால் பிடுங்கியிருந்தால் ரத்தம் சிந்தியிருப்பார்கள். தெய்வ மைந்தன் கையில் தாங்களே கொடுத்துவிட்டதால் சத்தமில்லாமல் போயிற்று, நிலையாகத் திரும்பி வரவேயில்லை.

இந்த நோய்க்கு மருந்தும் அந்த ரோமாபுரியிலேயே இருந்தது. லூசியஸ் காசியஸ் என்ற நீதிபதி எந்த வழக்கு வந்தாலும், இதனால் யாருக்கு லாபம் என்றுதான் முதலில் கேட்பாராம். ரோமர் அக்கேள்வியைக் கொலை வழக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். கோயில் வாசலில் கேட்டிருந்தால், வால்நட்சத்திரம் தோன்றிய அன்று கேட்டிருந்தால், உயில் படித்த அன்று கேட்டிருந்தால், அவர்கள் சரித்திரம் வேறாக இருந்திருக்கும். தலைவன் எவனாவது தன் பேச்சுக்கு வானத்தைச் சாட்சிக்கு இழுத்தால், வானத்தைப் பார்க்காதீர்கள்; அவன் கைகளைப் பாருங்கள் என்பதே நாம் சொல்வது.