கொல்லிமலைக்கு ஒரு மேப் ஆப்: கோடிங் ஒரு நாள் வேலை... மீதி?

போனில் 'கொல்லிமலை' என்று தட்டினால் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சில வியூ பாயின்ட், ரிசார்ட்கள் என வரிசையாக வந்து நிற்கும். அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நெளிநெளியாகத் தெரியும். வார இறுதியில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

மலையிலேயே வாழ்கிறவரின் தேவை வேறு. வீட்டிலிருந்து ரேஷன் கடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, கோடையிலும் வற்றாத ஊற்று, ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய கடைசி இடம். இவற்றைத் தேடினால் பெரும்பாலும் கையில் கிடைப்பது வெறும் பச்சை நிறம்தான்.

'சொந்த ஊருக்கு ஒரு மேப் ஆப் செய்யலாம்' என்று நினைக்கும் இளம் டெவலப்பர்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ஆனால் பலரும் ஆப்பை முதலில் கட்டிவிட்டு, அதில் போட வேண்டிய தகவலைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

மேப் ஆப் எப்படி வேலை செய்கிறது?

திரையில் தெரிவது ஒரே படம் அல்ல. வழக்கமாக 256-க்கு 256 பிக்சல் அளவுள்ள சதுரத் துண்டுகள் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும். முழுதாக ஜூம் அவுட் செய்தால் உலகமே ஒரு துண்டு. ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் ஒரு துண்டு நான்காகப் பிரியும். இது அடித்தளம். இதன் மேல் நமக்கு வேண்டிய புள்ளி, கோடு, எல்லை ஆகியவற்றைத் தனி அடுக்காகப் போடலாம். உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகஃபோன்கின் 2011-ல் வெளியிட்ட 'லீஃப்லெட்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருந்தால், இருபது வரிக்குள் முதல் மேப் ஓடிவிடும்.

ஒரு சின்ன இடத்தில் மட்டும் கவனம் தேவை. கொல்லிமலை சுமார் 11 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கில் இருக்கிறது. லீஃப்லெட் முதலில் அட்சரேகையைக் கேட்கும். தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்போ தீர்க்கரேகையை முதலில் எழுதும். இரண்டையும் மாற்றிப் போட்டால் செம்மேடு பஸ் நிலையம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம், ஆர்க்டிக் குளிரில் போய் நிற்கும். இப்படிப்பட்ட பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்தியும்விடலாம். கண்ணில் படாத பிழைகள்தான் ஆபத்து.

இலவசம் எதுவரை?

கூகுள் மேப்ஸ் 2005-ல் வந்தது. மற்ற தளங்கள் அதைத் தங்கள் பக்கத்தில் பயன்படுத்தும் வசதியும் அதே ஆண்டில் வந்துவிட்டது. பல ஆண்டுகள் ஒரு நாளைக்கு 25,000 முறை வரை மேப்பை இலவசமாகக் காட்ட முடிந்தது. 2018-ல் கணக்கு மாறியது. மாதத்துக்கு 200 டாலர் சலுகை, அதாவது மாதம் முழுக்கச் சுமார் 28,000 முறை மட்டும். அதன் பிறகும் விலை விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. லாபம் பார்க்காத ஒரு கிராம ஆப்பை அடுத்தவர் விலைப்பட்டியலை நம்பிக் கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

மாற்று, 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன. பெரிய ஆப்பின் சுமையை அதன் மேல் ஏற்றக் கூடாது. தகவலை இறக்கித் தனியாக வைத்துக்கொள்வதே முறை. மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், மேப் துண்டுகளை முன்கூட்டியே போனில் சேமித்து வைப்பது இரட்டை லாபம்.

கோடு இல்லாவிட்டால் வழி இல்லை

வழிகாட்டும் மென்பொருளுக்குக் காடும் மேடும் தெரியாது. வரையப்பட்ட கோடுகள் மட்டுமே தெரியும். பாதை வரையப்படவில்லை என்றால், அதைப் பொறுத்தவரை அந்தப் பாதையே கிடையாது. 'அருகிலுள்ள மருத்துவமனை' என்று நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்குப் போடும் ஆப், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கூசாமல் காட்டும். சமவெளியில் இது சின்னத் தவறு. மலையில் ஒரு மணி நேரம் போய்விடும்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, அதன் தலைநகர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருக்களை வரைந்த பிறகுதான் மீட்புக் குழுக்களுக்கு உருப்படியான மேப் கிடைத்தது. 2015 சென்னை வெள்ளத்தில், தண்ணீர் நிற்கும் தெருவை மக்களே கிளிக் செய்து குறிக்கும் மேப் சீக்கிரமே வந்தது. தெருக் கோடுகள் அதில் முன்பே இருந்ததுதான் காரணம். ஆபத்து வந்த பிறகு ஆப் எழுதலாம், பாதையைத் தேடி அலைய நேரம் இருக்காது.

பெயர் இன்னொரு சிக்கல். வாழவந்திநாடு, திண்ணனூர்நாடு, குண்டூர்நாடு என்று 'நாடு'களாகப் பிரிந்த மலை இது. 'ழ', 'ள', 'ண' எல்லாம் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதப்படும். தமிழ்ப் பெயரையும் சேர்க்காத ஆப்பில், ஊர்க்காரர் தன் ஊரைத் தானே கண்டுபிடிக்க முடியாது.

எல்லாத்தையும் மேப்பில் போடணுமா?

வேண்டாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்தியர்கள் வரைபடத் தகவல் திரட்ட முன் அனுமதி பெரும்பாலும் தேவையில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக மூலிகை வளரும் இடத்தையும் கோயில் காட்டையும் புள்ளி வைத்துக் காட்டினால், மறுநாள் அங்கே சாக்குப்பையோடு ஆள் நிற்கும். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதை அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரே சொல்ல வேண்டும்.

இதில் நிலமும் அடங்கியிருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரும்போது வரைபடமும் செயற்கைக்கோள் படமும் சான்றாக ஏற்கப்படும். ஆனால் மற்ற சான்றுகளுக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைக்க முடியாது என்று 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. காரணம் எளிது: மேலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையே ஏறிய மிளகுக்கொடியும் காடும் ஒன்றுபோலத் தெரியும். லேப்டாப்பில் அவசரமாக இழுத்த ஒரு எல்லைக்கோடு, ஒரு குடும்பம் தலைமுறையாக உழுத சாமைக் காட்டை 'வெறும் காடு' ஆக்கிவிடலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு கிராமம் போதும். ஊர்க்காரர் ஒருவரோடு நடந்து, ஜி.பி.எஸ்.ஸை ஆன் செய்து பாதையைப் பதிவு செய்யலாம். பெயர்களை அவர் சொல்லும்படியே தமிழில் எழுதலாம். வரைந்ததைக் கிராம சபையில் காட்டி, 'சரிதானா?' என்று கேட்கலாம். அவர்கள் தலையாட்டிய பிறகு பொது மேப்பில் சேர்க்கலாம். ஆப்பை அதற்கு அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஆப் கவனிப்பாரின்றி நின்றுபோனாலும் நஷ்டமில்லை. பாதை பொது மேப்பில் இருக்கும், அடுத்தவர் அதை வைத்து வேறொன்று கட்டுவார். தகவலைத் தன் ஆப்புக்குள்ளேயே பூட்டி வைத்தவரின் உழைப்பு மட்டும் ஆப்போடு சேர்ந்தே காணாமல் போகும்.