தணலிற் சுட்ட ஊன்

நத்தார்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிறித்தவ இல்லங்கள் சிலவற்றில் சிரட்டைக்கரித் தணல்மேல் மாட்டிறைச்சி வாட்டப்படுகின்றது. மேனாட்டார் தந்த பழக்கமென்றே பலரும் இதனைக் கருதுவர். பெயரும் ‘பார்பிகியூ’ என்றே வழங்குகின்றது.

பழந்தமிழ் கற்றார்க்கு இது புதுமையன்று. கரிகாலன் அவையிற் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுவிய ஊனை, வெம்மை பொறாது வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்ட பொருநனைப் பொருநராற்றுப்படை காட்டுகின்றது. கொழுத்த ஆவைத் தின்ற மழவரை அகநானூற்றின் 129ஆம் செய்யுள் குறிக்கின்றது.

இவற்றைப் பலர் அறியாமைக்கு நம் வகுப்பறையும் ஒரு காரணமாம். ஊனுணவு வருமிடங்களை ஆசிரியர் சிலர் நாணி விரைந்து கடந்துவிடுகின்றனர். மரக்கறி உணவினனாகிய யான் இதற்கு உடன்படேன். புலாலுண்ணாத உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது அப்பகுதிகளை மறைத்தாரல்லர். புலான்மறுத்தலை ஓரதிகாரமாக வள்ளுவர் வகுத்ததும், நாட்டிற் புலாலுணவு வழங்கியமையாலன்றோ? உண்டவரை மறைத்தால், மறுத்தவர் பெருமையும் விளங்காது.

உண்பதும் ஒழிவதும் அவரவர் நெறி. நூலில் உள்ளதை உள்ளவாறு உரைப்பதே ஆசிரியர் நெறி. அவ்வாறு உரைப்போமாயின், ‘சூட்டிறைச்சி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும் மாணவர் நாவில் மீண்டும் வழங்கும்.