பிள்ளை ஆடுகிறான், அப்பா ஏன் களத்தில் குதிக்கிறார்?

கபடி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 7 பேர். இரண்டு பக்கமும் சேர்ந்து 14 பேர். நடுவர் ஒருவர், துணை நடுவர்கள் இருவர், புள்ளி எழுதுகிறவர்கள் மூவர். ஆக மொத்தம் 20 பேர்.

ஆட்டத்தை ஆடுகிறவர்களும் நடத்துகிறவர்களும் இவர்கள்தான்.

ஆனால் நம் ஊர்களில் பிள்ளைகளின் ஆட்டம் நடக்கும்போது பாருங்கள். இருபத்தோராவது ஆள் ஒருவர் வந்துவிடுகிறார்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு உள்ளேயே வந்துவிடுகிறார்.

அவர் யார்? ஆடுகிற பையனின் அப்பா. சில சமயம் மாமா. சில சமயம் சித்தப்பா. இப்போது அம்மாக்களும் சளைத்தவர்கள் இல்லை.

“என் பையன் கோட்டைத் தொட்டுவிட்டான்! உனக்குக் கண் இல்லையா?” என்று நடுவரைப் பார்த்துக் கேட்கிறார். பிறகு வாய்ச் சண்டை. பிறகு தள்ளுமுள்ளு. ஆட்டம் நின்றுவிடுகிறது.

இந்த ரகளை நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. உலகம் முழுவதும் நடக்கிறது. உயிரே போயிருக்கிறது! இதற்கு மருந்து என்ன? காஞ்சீபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஒரு நல்ல வழி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

விசில் ஊதுகிறவர் யார்?

பள்ளிக்கூடப் போட்டிகளில் விசில் ஊதுகிறவர் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்தான். பொங்கல் விழாப் போட்டி என்றால், முன்பு நன்றாக ஆடிப் பெயர் வாங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் விசிலை எடுத்துக்கொள்வார்.

விசில் ஊதுவதால் இவர்களுக்கு மாடி வீடு வந்துவிடாது. வெயிலில் நிற்க வேண்டும். தொண்டை வறளக் கத்த வேண்டும். ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிக்க வேண்டும்.

உத்திரமேரூர் போன்ற வட்டத் தலைநகரில் போட்டி நடந்தால், சுற்றுக் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள். இன்று “திருடன்” என்று திட்டிய அப்பாவும், திட்டு வாங்கிய வாத்தியாரும் நாளைக்கு ஒரே பஸ்சில் காஞ்சீபுரம் போக வேண்டும். பட்டணத்து நடுவருக்கு இல்லாத சங்கடம் இது.

ஏன் இத்தனை ஆத்திரம்?

பெற்றோர்கள் எல்லாரும் முரடர்களா? இல்லை. வீட்டில் சாதுவாக இருக்கிறவர்தான் களத்தின் ஓரத்தில் புலியாக மாறுகிறார். அதற்குக் காரணம் உண்டு.

முன்பு சடுகுடு என்றால் பொழுதுபோக்கு. அடிபட்டு வந்தால் வீட்டில் இன்னும் இரண்டு அடி விழும். இன்று அப்படி இல்லை. விளையாட்டு என்பது பிழைப்புக்கும் ஒரு வழி ஆகிவிட்டது.

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்கவும் விளையாட்டுச் சான்றிதழ் உதவுகிறது. 2014-ம் ஆண்டு புரோ கபடி லீக் தொடங்கியது. 2022-ம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணி ஒரே ஒரு வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது!

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

இந்தச் செய்தியைப் படித்த தறிக்காரரும் விவசாயியும் என்ன நினைப்பார்கள்? “என் பிள்ளையும் இப்படி வர மாட்டானா?” என்றுதான் நினைப்பார்கள். அதில் தப்பு இல்லை.

பள்ளி விளையாட்டு ஒரு ஏணி. குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். முதல் படியில் தோற்றால் அந்த ஆண்டு அத்தோடு சரி. ஒரு புள்ளியில் ஒரு வருஷம் போய்விடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிற தகப்பனுக்கு, நடுவரின் விசில் தன் பிள்ளையின் தலையெழுத்தைப் போலத் தோன்றுகிறது.

ஆத்திரம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் ஆத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால், அது நியாயம் ஆகிவிடுமா?

உயிரைக் குடித்த கோபம்

நெதர்லாந்து நாட்டில் அல்மேரே என்று ஓர் ஊர். 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அங்கே பையன்களின் கால்பந்து ஆட்டம் நடந்தது. எல்லைக் கோட்டில் கொடி பிடித்து நின்றவருக்கு வயது 41. அவருடைய மகனும் அந்த ஆட்டத்தில் ஆடினான். சம்பளத்துக்காக அல்ல, பிள்ளைகளுக்காக அவர் கொடி பிடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் எதிர் அணியினர் அவரைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள், உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்து போனார்.

2013-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகளில் பையன்களோடு ஒரு பையனின் தகப்பனாரும் இருந்தார்! அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை.

தடுக்க வேண்டிய தகப்பனே கூட நின்று அடித்தால், பிள்ளைகள் கை சும்மா இருக்குமா?

அந்தச் சாவுக்குப் பிறகு வந்த சனி, ஞாயிறுகளில் நெதர்லாந்து முழுவதும் அமெச்சூர் கால்பந்து ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். நாடே வெட்கப்பட்டது.

விசில் ஊத ஆள் இல்லை!

அமெரிக்காவில் வேறு விதமான கஷ்டம். அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர்களில் சுமார் 50 ஆயிரம் பேர், 2018-ம் ஆண்டுக்குப் பின் வந்த மூன்று நான்கு ஆண்டுகளில் விலகிவிட்டார்கள். கொரோனாவும் ஒரு காரணம். ஆனால் பெற்றோர்களின் வசவும் பெரிய காரணம் என்று அங்கே சொல்கிறார்கள்.

2017-ம் ஆண்டு அமெரிக்க நடுவர்கள் சங்கம் 17 ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டது. “உங்களுக்கு அதிகத் தொல்லை கொடுப்பது யார்?” என்பது ஒரு கேள்வி. ஆட்டக்காரர்களா? பயிற்சியாளர்களா? இல்லை. பெற்றோர்கள்தான் முதல் இடத்தில் வந்தார்கள்!

நடுவர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் சான்றிதழ் ஏது? பிள்ளைக்காகச் சண்டை போடுகிறேன் என்று சொல்லும் அப்பா, பிள்ளை ஏறவேண்டிய ஏணியையே வெட்டுகிறார்.

பெரிய இடத்திலும் தகராறு

நடுவர் சொன்னது பிடிக்காவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டில் இரண்டு வகை உதாரணமும் உண்டு.

2022-ம் ஆண்டு டெல்லியில் மல்யுத்தத் தேர்வுப் போட்டி நடந்தது. தோற்ற வீரர் ஒருவர் நடுவரைக் குத்திவிட்டார். அவருக்கு ஆயுள் காலத் தடை விதித்தார்கள். பல வருஷ உழைப்பு ஒரே குத்தில் போயிற்று!

அடுத்த ஆண்டு, அதாவது 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுக் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் மோதின. புள்ளிகள் 28-க்கு 28 என்று சமமாக இருந்தபோது ஒரு விதியைப் பற்றித் தகராறு வந்தது. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. வாக்குவாதம் பலமாக நடந்தது. ஆனால் நடுவரை யாரும் அடிக்கவில்லை. முடிவில் ஆட்டம் தொடர்ந்தது. இந்தியா 33-க்கு 29 என்ற கணக்கில் வென்று தங்கம் வாங்கியது.

கேமராக்கள் சுற்றி இருந்த இடத்திலேயே முடிவு சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. மண் தரையில், இரண்டு கண்ணையும் ஒரு விசிலையும் நம்பி நிற்கிற நம் ஊர் வாத்தியார், கண் இமைப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும். சில சமயம் தவறும். தவறாமல் இருக்க அவர் தெய்வம் இல்லை.

பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறான்?

இதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு பையன் தோற்றுவிட்டான். “கால் வேகம் போதவில்லை. இன்னும் பழக வேண்டும்” என்று நினைத்தால், அடுத்த ஆண்டு அவன் ஜெயிப்பான்.

ஆனால் அப்பா ஓடி வந்து, “நீ தோற்கவில்லையடா! அவன் திருடிவிட்டான்!” என்கிறார். பையன் அதை நம்புகிறான். பிறகு எதற்குப் பழகுவான்? தன் தோல்விக்குக் காரணம் எப்போதும் வேறு ஒருவன் என்று எண்ணத் தொடங்குகிறான். பரீட்சையில் தோற்றால் வாத்தியார் காரணம். வேலை கிடைக்காவிட்டால் அதிகாரி காரணம்.

இன்னொன்றும் உண்டு. அப்பா கத்தும்போது பையனின் முகத்தைப் பாருங்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். கூட ஆடும் பிள்ளைகள் முன்னால் அவனுக்குத்தான் வெட்கம். அப்பா கத்தினால் பிள்ளைக்குப் பலம் வராது. பயம்தான் வரும்.

நடுவர் என்ன செய்யலாம்?

ஒன்று: ஆட்டம் தொடங்கும் முன்பே கயிறு கட்ட வேண்டும். பெற்றோர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். கூட்டம் வந்த பிறகு தள்ளுவது கஷ்டம்.

இரண்டு: பெற்றோரோடு நடுவர் வாதாடக் கூடாது. ஒருவருக்குப் பதில் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள். வாலிபாலில் நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை அணித் தலைவனுக்கு மட்டும்தான். 2024-ம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியிலும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகள் ஆட்டத்திலும் இதையே கடைப்பிடிக்கலாம்.

மூன்று: கத்துகிறவரை அடக்கும் வேலையை அந்த அணியின் பயிற்சியாளரிடமும், போட்டி நடத்துகிறவர்களிடமும் கொடுக்க வேண்டும். அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். கால்பந்துச் சட்டத்தில் நடுவருக்கு இந்த அதிகாரம் தெளிவாக இருக்கிறது.

நான்கு: சதுரங்கத்தைப் பாருங்கள். வேடிக்கை பார்ப்பவர் ஆட்டத்தில் குறுக்கிட்டால் நடுவர் அவரை வெளியே அனுப்பலாம் என்பது உலகச் சதுரங்கச் சட்டம். நம் பிள்ளைகள் சதுரங்கத்தில் உலகப் புகழ் பெற்றதற்கு அந்த அமைதி குறுக்கே நிற்கவில்லையே!

ஐந்து: அமெரிக்காவில் டெப்ட்போர்டு என்ற ஊரில் 2023-ம் ஆண்டு ஒரு வேடிக்கையான விதி போட்டார்கள். சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவரைத் திட்டுகிற பெற்றோர், தாமே 3 ஆட்டங்களுக்கு நடுவராக நின்று காட்ட வேண்டும். அதுவரை மைதானத்துக்குள் வரக் கூடாது! நம் ஊரிலும் பயிற்சி ஆட்டத்தில் விசிலை ஒரு பத்து நிமிஷம் அப்பாவின் கையில் கொடுத்துப் பார்க்கலாம். அப்புறம் அவர் வாய் தானாகக் குறையும்.

நடுவரே தப்புச் செய்தால்?

நியாயமான கேள்வி. வேண்டியவர்களுக்குச் சாதகமாக விசில் ஊதுகிறவர்களும் இருக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அணியின் மேலாளர் எழுத்தில் முறையிட வேண்டும். பரிசு வாங்கும் ஊர்க்காரரை அந்த ஊர் ஆட்டத்துக்கே நடுவராகப் போடாமல், வேறு ஊர்க்காரரைப் போட வேண்டும். அப்படிச் செய்தால் பாதிச் சண்டை குறையும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் வழி

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதத்தை அவை சொல்கின்றன.

ஊரில் 30 குடும்புகள். அதாவது 30 பகுதிகள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுத மாட்டார்கள். அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் எழுத மாட்டார்கள்! பொதுக் காரியத்தில் உறவு குறுக்கே வரும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓலையை எடுப்பது யார்? பெரியவர்கள் அல்ல. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்! அவன் எடுத்த ஓலையை வாங்குகிறவருக்கு மத்தியஸ்தன் என்று பெயர். மத்தியஸ்தன் என்றால் நடுவில் நிற்பவன். இன்றைய சொல்லில் நடுவர்.

அவர் எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்று சபை முழுவதும் பார்க்க வேண்டும். பிறகு எல்லாரும் கேட்கும்படி பெயரைப் படிக்க வேண்டும்.

இதில் இரண்டு பேருக்கும் பாடம் இருக்கிறது. நடுவருக்குப் பாடம்: கையை விரித்துக் காட்டுங்கள். கொடுத்த புள்ளி எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்படி, சத்தமாகச் சொல்லுங்கள்.

பெற்றோருக்குப் பாடம்: பிள்ளையின் கையை நம்புங்கள். குடத்துக்குள் கை விட்ட சிறுவனுக்குப் பின்னால் நின்று, “அந்த ஓலையை எடுடா” என்று எந்த அப்பாவும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்த முறைக்கே மதிப்பு இருந்திருக்காது.

வாசகர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை ஆடும்போது கைதட்டுங்கள். நன்றாக ஆடினால் பாராட்டுங்கள். தோற்றால் தண்ணீர் கொடுத்துத் தோளில் தட்டி வீட்டுக்கு அழைத்து வாருங்கள். வருகிற வழியில் நடுவரைப் பற்றிப் பேசாதீர்கள். நாளைக் காலையில் எத்தனை மணிக்குப் பழகப் போகிறான் என்று கேளுங்கள்.