கல்லுப்பட்டிக்கு வந்த வழி



மேனிலைப் பள்ளித் தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, ‘எந்தப் படிப்பு எளிது, எது விரைவில் ஊதியம் தரும்?’ என்பதே. பெற்றோரை நாம் குறைகூறவில்லை. மழையை நம்பிக் கரிசலை உழுதவர்க்கு அந்த அச்சம் இயல்பே. ஆயினும், எளிமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வாழ்வைத் தேர்பவன் எதை இழக்கின்றான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டா. திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி உள்ளது.

அவ்வூரில் 1940-இல் கோ. வேங்கடாசலபதி தோற்றுவித்த காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளியல் அறிஞர் சே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையிற் பிறந்த அவர்க்குக் குடும்பம் இட்ட பெயர் யோசேப்பு கொர்னேலியசு. இலண்டனில் கணக்காய்வு கற்றார். மும்பையில் அத்தொழில் நடத்திச் செல்வமும் சீரும் பெற்றார். உடையும் நடையும் ஆங்கிலேயருடையவை. அவ்வழியிலேயே அவர் இறுதிவரை சென்றிருந்தாலும் எவரும் பழித்திருக்கமாட்டார்.

மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றவிடத்தில்தான் வழி பிரிந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர்தம் ஆசிரியர் செலிக்மன், இந்தியாவின் வறுமையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். வரிப்பணம் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது எனக் கணக்காய்வாளர் கண்கொண்டு பார்த்தபோது, தாம் மதித்துவந்த ஆட்சியே தம் மக்களை வறியராக்கியது விளங்கிற்று. விளங்கிய பின் வாளா இருத்தலும் இயலும். பலர் அவ்வாறே இருந்தனர். இவர் 1929 மே திங்களில் சபர்மதி சென்று காந்தியாரைக் கண்டார். மும்பைத் தொழிலை விட்டார். முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதை மீண்டும் பூண்டதும் அக்காலத்தேதான். (பெயர் மாற்றுவது சிறு செயலன்றோ என்பார் உளர். மாற்றியவர்க்கே அதன் எடை தெரியும். அலுவலகந்தோறும் விடை சொல்லி மாளாது.)

கதர் உடுத்தது பெரிதன்று. அஃது ஒருநாள் வேலை. கடினம் அதன் பிறகுதான். 1934-இல் பீகார் நிலநடுக்கத் துயர்துடைப்பிற்குக் குவிந்த பொருளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்க்கு நாளொன்றுக்கு மூன்று அணாவே எனக் கட்டுப்படுத்தினார். காந்தியாரும் உடன்வந்தோரும் தங்கிய செலவைக்கூட அப்பொருளினின்று தர மறுத்தார். பகைவனிடம் ‘இல்லை’ என்பது எளிது. உயிரென மதிக்கும் தலைவரிடம் சொல்வதற்கு எத்துணை உரம் வேண்டும்!

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்ட காலத்தில் அவர் எழுதிய நிலைத்த பொருளியல் பற்றிய நூலில், உயிர்கள் வாழும் முறையை ஐந்து படிகளாக வகுக்கின்றார். பிறவுயிரைக் கொன்றுண்ணும் புலி. தான் நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு. உழைத்துக் கூடு கட்டும் பறவை. கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் தேனீ. கைம்மாறு கருதாது குஞ்சிற்கு இரையூட்டும் தாய்ப்பறவை. ஒவ்வொரு படியும் முன்னதினும் கடினம் என்பதைக் கவனியுங்கள். குரங்கிற்குக் கிடைக்கும் பழம் இனிதுதான். ஆனால் மரம் வளர்க்கும் திறன் அதற்கு ஒருநாளும் வாராது. எளிய வழி நம்மிடமிருந்து பறிப்பது அத்திறனைத்தான்.

இதனால் துன்பமெல்லாம் உயர்வு என்று கொள்ளற்க. விருப்பமில்லாப் படிப்பில் பிள்ளையைத் தள்ளி, ‘கடினத்தைத் தாங்கு’ என்பது கொடுமை. குமரப்பா துன்பத்தைத் தேடவில்லை; உண்மை எனக் கண்டதைத் தேடினார், துன்பம் கூடவே வந்தது. எளிய வழியில் வென்று காட்டிய பின்னரே அதை விட்டார் என்பதும் நினைக்கத்தக்கது. இயலாமையால் வந்ததன்று அவர் எளிமை.

விடுதலைக்குப் பின்னும் பதவியின் இனிமை அவரைப் பிணிக்கவில்லை. பேராயக் கட்சி அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை தந்தார். பெருந்தொழில்களையே நாடிய ஆட்சியாளரை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர்தான் கல்லுப்பட்டி. 1960 சனவரி 30 அன்று, காந்தியார் மறைந்த அதே நாளில், சென்னையில் உயிர்நீத்தார்.

மதுரையிலிருந்து இராசபாளையம் செல்லும் பேருந்து கல்லுப்பட்டியில் நிற்கும். கல்லூரி தேரும் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு பெற்றோர் ஒருநாள் அங்கே இறங்கலாம்.