கேப்ரெஸ்கிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்

அமெரிக்கப் போர் விமானி பிரான்சிஸ் கேப்ரெஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் ஒரு கணக்கைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் வானில் அவர் வீழ்த்திய ஜெர்மன் விமானங்கள் 28. கொரியப் போரில் இன்னும் ஆறரை. அந்த அரை, சக விமானி ஒருவரோடு பங்கிட்டுக்கொண்டது. எனக்கு இந்தக் கணக்கைவிட, அவர் சிறுவயதில் வீட்டில் பேசிய போலிஷ் மொழிதான் பெரிதாகப் படுகிறது.

1919இல் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பையன் டாக்டராகட்டும் என்று நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள், படிப்பு ஏறவில்லை. விமானம் ஓட்டப் பழகினார். அதுவும் லேசில் கைவரவில்லை. ராணுவப் பயிற்சியில் வெளியே அனுப்பப்படும் கட்டம்வரை போய், கடைசிச் சோதனையில் தேறினார். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் எரிந்தபோது பக்கத்திலிருந்த வீலர் தளத்தில் இருந்தார். அவர் விமானத்தைக் கிளப்பி மேலே போவதற்குள் ஜப்பானியர் திரும்பிவிட்டார்கள்.

தனக்குப் போலிஷ் தெரியும், பிரிட்டனிலிருந்து போரிடும் போலந்து விமானிகளோடு தன்னைச் சேர்த்துவிடுங்கள் என்று மேலிடத்தில் அவரே போய்க் கேட்டார். அப்படித்தான் 1943 தொடக்கத்தில், லண்டனை ஒட்டிய நார்தோல்ட் தளத்தில், 315ஆவது போலந்துப் படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயரில் பறந்தார். நாட்டை இழந்து, கிடைத்த வழியில் தப்பி வந்து சண்டையைத் தொடர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தூரத்திலிருந்து சுட்டுக் குண்டுகளை வீணாக்காதே, நெருங்கும்வரை பொறு என்பது அவர்களிடம் அவர் கற்ற பாடம். அந்தக் கடனை மறக்கவும் இல்லை. பின்னால் அமெரிக்காவின் 61ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது போலந்து விமானிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

1944 ஜூலை 20. விடுப்பு கிடைத்துவிட்டது, ஊரில் கே என்ற பெண் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். இன்னும் ஒரு தடவை போய் வருகிறேன் என்று கிளம்பினார். பாசன்ஹைம் அருகே ஒரு ஜெர்மன் விமானத் தளத்தைத் தாக்க அவர் மிகவும் தாழப் பறந்தபோது புரொப்பெல்லர் நுனி தரையில் உரசி வளைந்தது. விமானம் உதறத் தொடங்க, சக்கரத்தை இறக்காமலே வயல் ஒன்றில் வயிற்றால் மோதி இறக்கினார். ஐந்து நாள் ஒளிந்து திரிந்து பிடிபட்டார். எதிரியின் எந்த விமானத்தாலும் வீழ்த்தப்படாத மனிதர், போர் முடியும்வரை பால்டிக் கடலோர பார்த் நகரின் கைதி முகாமில் கிடந்தார்.

கல்யாணம் 1945 ஜூனில் நடந்தது. ஒன்பது பிள்ளைகள். 1967இல் விமானப்படையிலிருந்து ஓய்வு, பிறகு க்ரம்மன் நிறுவனத்தில் வேலை, அதன்பின் லாங் ஐலண்ட் ரயில்வேயின் தலைவர் பதவி. 2002 ஜனவரியில், 83 வயது நிறைந்த சில நாட்களில், காலமானார். தாழப் பறந்த அந்த ஒரு நொடிக்குப் பிறகு இத்தனை நீண்ட வாழ்க்கை அவருக்கு மிச்சமிருந்தது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

நார்தோல்ட்டில் அவரோடு பறந்த போலந்து விமானிகளில் பலருக்கு அவரைப் போல நிம்மதியாக ஊர் திரும்பும் வாய்ப்பு அமையவில்லை. போர் முடிந்தபோது அவருக்குத் திரும்பிப் போக ஆயில் சிட்டி இருந்தது. அவர்களுடைய போலந்தோ ஸ்டாலினின் பிடிக்குள் போயிருந்தது. போரில் பிழைத்த விமானிகளில் ஏராளமானோர் ஊர் திரும்பாமல் அந்நிய மண்ணிலேயே தங்கினார்கள். துணிந்து திரும்பியவர்களில் சிலரைப் புதிய அரசு ஒற்றர்கள் என்று சொல்லிச் சிறையில் தள்ளியது.