மென்பொருளாக்கத்தின் அடிப்படை

பாலம் அமைப்போனுக்குப் பௌதிக சாஸ்திரம் துணை நிற்கின்றது. மருந்து செய்வோனுக்கு ரசாயனம் துணை நிற்கின்றது. மென்பொருள் இயற்றுவோனுக்குத் துணையாவது யாது? கணினிப் பாடம் பயிலும் மாணவர் பலர் இவ்வினாவை எழுப்புவதில்லை. நிரல் எழுதும் மொழிகள் இரண்டு மூன்று கைவந்தால் தொழிலே கைவந்ததென எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையென்பது நம் கருத்து.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மனி தேசத்துக் கார்மிஷ் நகரில் அறிஞர் சிலர் கூடினர். பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவுறாமையும், முடிவுற்றபின் பிழை மலிந்திருந்தமையும் அவர்களைக் கவலையுறச் செய்தன. 'மென்பொருட் பொறியியல்' என்னும் பெயர் அக்கூட்டத்தின் பின்னரே பரவலாயிற்று. அதன் அறிக்கையைப் பதிப்பித்த இருவருள் ஒருவர் டென்மார்க் தேசத்தவராகிய பீட்டர் நவுர். நாம் மேலே கேட்ட வினாவிற்கு அவர் 1985-இல் ஒரு கட்டுரையில் விடை பகர்ந்தார். நிரலின் உயிர் ஏட்டில் இல்லை. அதனை ஆக்கியோர் உள்ளத்தில் அதனைப்பற்றி அமைந்துள்ள கருத்திலேயே உளது என்பது அவ்விடையின் சாரம்.

அவர் காட்டிய சான்று சிந்திக்கத்தக்கது. ஒரு குழுவினர் கம்பைலர் ஒன்றை, அதாவது மனிதர் எழுதும் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கருவியை, இயற்றினர். வேறொரு குழுவினர் அதனை விரிவாக்க முற்பட்டனர். முழு நிரலும் விளக்கக் குறிப்புகளும் அவர்கட்கு அளிக்கப்பட்டன. ஆயினும் அவர்கள் வகுத்த மாற்றங்கள் பல, மூல அமைப்பின் ஆற்றலையும் எளிமையையும் கெடுப்பனவாயிருந்தன. ஆக்கியோரோ அக்குறையை உடனே கண்டு, அவ்வமைப்பினுள்ளேயே அடங்கும் எளிய வழிகளைக் காட்டினர்.

தாமதமுற்ற வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மிகும் என்று பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதியதன் காரணமும் இதனால் விளங்கும். புதியோர்க்குக் கருத்தைப் புகட்டப் பழையோரின் பொழுது செலவாகும். அன்றியும், 5 பேர் கலந்து பேச 10 இணைப்புகள் போதும். 10 பேராயின் 45 இணைப்புகள் வேண்டும்.

நிற்க. குறிப்புகளைச் செவ்வனே எழுதிவைத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். குறிப்பு வேண்டுவதே. ஆயினும் சுரக்குறிப்பைக் கையிற் கொடுத்த மாத்திரத்தில் கமகம் வாய்த்துவிடுமோ? குருவின் அருகிருந்து கேட்டும் பாடியும் அன்றோ அது வரும்!

ஆதலின், புதிய நிரல் எழுதும் பயிற்சியோடு, முன்னவர் நிரலைக் கற்று, ஆக்கியோருடன் உரையாடித் திருத்தும் பயிற்சியையும் கல்லூரிகள் அளித்தல் வேண்டும். இந்நாளில் இயந்திரங்களே நிரல் எழுதித் தருகின்றன. எழுதியவர் யாவராயினும் ஆகுக. அதன் கருத்தை உணர்ந்தார் ஒருவரும் இல்லையேல், திருத்தவேண்டிய நாளில் நாம் யாரை அணுகுவோம்?