சிவப்புப் பேனையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

"எங்க அம்மாயி பொறந்த ஊரு தண்ணிக்குள்ள இருக்கு."

'எமது பிரதேசம்' என்ற ஒப்படைக்கு, தரம் நான்கில் படிக்கும் ஒரு பையன் எழுதிய முதல் வரி இது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமைகளில் நாங்கள் கூடுகிற வாசிப்பு வட்டத்துக்கு அவன் கொப்பியைக் கொண்டுவந்தபோது, அந்த வரிக்கு மேலே சிவப்புக் கோடு. பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் வேறொரு வரி: 'எமது பிரதேசம் இயற்கை எழில் கொஞ்சும் நீர்த்தேக்கத்துக்கு அருகில் அமைந்துள்ளது.'

யார் எழுதியது என்று நாங்கள் கேட்கவில்லை. டீச்சராக இருக்கலாம், டியூசன் சேராக இருக்கலாம், ஏ.எல். படிக்கும் அக்காவாக இருக்கலாம். நம்மில் யாராகவும் இருக்கலாம்.

பையன் எழுதியது பிழையா? ஹட்டன் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை அணையைக் கட்டி மஸ்கெலியா ஓயாவை மறித்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போதிருப்பது மேலே புதிதாகக் கட்டிய டவுன். கடும் வெயில் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பன்சலையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளியே தெரியும். பத்திரிகைகள் படம் போடும். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து செல்ஃபி எடுப்பார்கள். அந்தப் பையனின் அம்மாயி அங்கே பிறந்தவர்.

ஆக, அவன் எழுதியது அச்சொட்டான உண்மை. அந்த ஒப்படையில் அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரே செய்தியும் அதுதான். அதை அழித்துவிட்டு, யாரும் எந்தக் குளத்தைப் பற்றியும் எழுதக்கூடிய ஒரு வரியைக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் திருத்தம் என்கிறார்கள். பறிப்பு என்றுதான் எங்களுக்குச் சொல்ல வருகிறது.

'எனது வீடு' கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் ஐந்தாம் தரம் தாண்டிய யாருக்கும் அது மனப்பாடம். 'எனது வீடு அழகானது. அதன் முன்னால் பூந்தோட்டம் உண்டு. எனக்கென்று தனியான படிக்கும் அறை உண்டு.' எழுதியவர்கள் யார்? வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில், ஒரு காம்பிராவும் குசினியும் இஸ்தோப்புமாக ஆறேழு பேர் ஒண்டிக்கொண்டு, மழை வந்தால் தகரத்துக்கு அடியில் வாளி வைக்கிற பிள்ளைகள். நாங்களும் எழுதினோம். பத்துக்கு எட்டு வாங்கினோம். லயம் என்று எழுதினால் சேர் அடித்துவிட்டு வீடு என்று போடுவார். பிரட்டுக்களம் என்று எழுதினால் மைதானம் ஆகிவிடும். அம்மாயி, அப்பாயி எல்லோரும் ஒரே பாட்டியாகிவிடுவார்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதை யாரும் குறை சொல்லவில்லை. 'கொழுந்து' என்பதற்கு ஒரு பிள்ளை 'கொலுந்து' என்று எழுதினால் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வாழ்கிற வாழ்க்கையையே எழுத்துப் பிழை மாதிரித் திருத்தினால்? பத்து வயதுப் பிள்ளை அதிலிருந்து ஒரு பாடம்தான் படிக்கும்: நம்மைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பொய்தான் எழுத வேண்டும்.

எங்கள் கையும் சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைப் போட்டிக்காக எங்களில் ஒருவர், ஒரு பிள்ளையின் இரண்டு பக்கக் கட்டுரையை 'கொஞ்சம் சரிபண்ணி' கொடுத்தார். சரிபண்ணி முடிந்தபோது அதில் பிள்ளையுடையது என்று மிஞ்சியது பெயர் மட்டும்தான். பரிசு கிடைத்தது. மேடையில் ஒரு பெரியவர் அன்பாக, "இந்த வரி எப்படிம்மா தோணிச்சு?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அந்த மௌனத்துக்கு நாங்கள் பொறுப்பு.

இனி ஒப்படைக்கு 'தகவல் தேடுகிற' கதை. பிள்ளை கடதாசித் துண்டில் தலைப்பை எழுதிக்கொண்டு டவுனில் கொமினிகேஷனுக்குப் போகும். கடைக்காரத் தம்பி கூகிளில் அடித்து, முதலில் வருவதை எடுத்து, பூப்போட்ட போர்டர் வைத்து, கலரில் பிரிண்ட் அடித்து, பைண்ட் பண்ணித் தருவார். கொழுந்து பறிக்கிற அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தில் பாதி அதில் போய்விடும். இப்போது கடைக்கும் போகத் தேவையில்லை. அண்ணனின் போனில் இருக்கிற ஏஐயிடம் கேட்டால் அரை நிமிடத்தில் முழுக் கட்டுரை. பிள்ளை பார்த்து எழுதினால் போதும்.

அப்படி வந்த 'சுதந்திர தினம்' ஒப்படை ஒன்றைப் பார்த்தோம். 'எமது நாடு 1947 ஆகஸ்ட் 15ஆம் திகதி சுதந்திரம் அடைந்தது' என்று தொடங்கியது. தமிழில் தேடினால் முன்னால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கங்கள், அதனால் வந்த வினை. அதற்கும் சரி போட்டிருந்தது, 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தது. அட்டையைப் பார்த்துப் போட்ட சரி அது. முதலில் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பெப்ரவரி 4. அதே ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம்தான் இந்தப் பிள்ளையின் பூட்டன் பூட்டியை நாடற்றவர்களாக்கியது. 'நீங்கள் எல்லாம் இந்தியா' என்று சொல்லி உரிமையைப் பறித்த ஒரு வரலாறு இருக்கிற இடத்தில், இந்தியாவின் சுதந்திர நாளை 'எமது நாடு' என்று ஒரு பிள்ளை பார்த்து எழுதுகிறது. அதைக் கவனிக்க ஒரு கண் கூட இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆதாரம், மூலம் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை யார் சொன்னது? அவங்க எந்த ஊரு? பார்த்துச் சொல்றாங்களா, கேட்டுச் சொல்றாங்களா? இன்னொருத்தர்கிட்ட கேட்டா இதையே சொல்வாங்களா? இந்த நாலையும் கேட்கப் பழகிய பிள்ளை 1947இல் தடுக்கி நிற்கும். பாடப்புத்தகத்தையும் கேட்கும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று வாசித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "அவரு ஒத்த ஆளாவா நட்டாரு?" இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி எங்கே இருக்கிறது?

மூலம் என்றால் இன்டர்நெட் மட்டும்தான் என்று நினைப்பதும் நம் கோளாறு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினாரே, அவருக்கு மூலம் எது? லயத்து மனிதர்களின் வாய்தான். தாத்தாவின் பழைய பிரஜாவுரிமைக் கடதாசி ஒரு மூலம். கோயில் சுவரில் வெட்டிய உபயகாரர் பெயர் ஒரு மூலம். போனில் தேடுவதென்றாலும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. மலையகத்தில் வந்த எத்தனையோ சஞ்சிகைகளும் புத்தகங்களும் அதில் ஸ்கேன் பண்ணிக் கிடக்கின்றன, காசு கட்டத் தேவையில்லை. பிள்ளையால் தனியாகத் தேடி வாசிக்க முடியாதுதான். பக்கத்தில் உட்காரத்தானே நாம் இருக்கிறோம்?

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியில் ஒரு உதாரணம் உண்டு. பார்பியானா என்கிற மலைக்கிராமம். பெரும்பாலும் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள், பரீட்சையில் பெயிலாக்கி வெளியே அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு டீச்சருக்கு எழுதிய கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது. தமிழிலும் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க' என்று கிடைக்கிறது. கட்டாயம் வாசியுங்கள். அந்தப் பிள்ளைகள் எழுதிய முறைதான் நமக்கு வேண்டியது. ஒரு யோசனைக்கு ஒரு துண்டுக் கடதாசி. எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, ஒன்றையே சொல்பவற்றைச் சேர்த்து, வரிசை மாற்றி, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி, பிறகு வேண்டாத சொல்லையும் பொய்யையும் கஷ்டமான வார்த்தையையும் வேட்டையாடித் தூக்கி எறிந்தார்கள். இதற்கு பிரிண்டர் தேவையில்லை, கத்தரிக்கோலும் நேரமும் போதும்.

நேரம்தான் இல்லை என்கிறார்கள். நாற்பது கொப்பி, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், எல்லாவற்றுக்கும் மேலே புலமைப்பரிசில் பரீட்சை. டீச்சர்மாரின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், எங்களில் இரண்டு பேர் டீச்சர்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதுவரை கிடந்த கிடப்பின் பாரத்தை இன்றைக்கும் அவர்கள்தான் சுமக்கிறார்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறோம். பிள்ளையின் பக்கத்தை முழுக்கத் திருத்தி, முழுக்க வேறாக எழுதிக்கொடுக்க நேரம் இருந்ததே? ஓரத்தில் ஒரு கேள்வி எழுத அதைவிடக் குறைந்த நேரம்தானே ஆகும்? வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிற அந்தப் பரீட்சையில் பெரும்பாலானவர்கள் வெட்டுப்புள்ளியைத் தொடப்போவதில்லை. அவர்கள் கையில் பிறகு என்ன இருக்கும்? மனப்பாடம் பண்ணிய பூந்தோட்டமா?

மஸ்கெலியாப் பையனிடம் திரும்பி வருவோம். சிவப்பு வரியை நாங்கள் அழிக்கவில்லை, அவனுடைய வரியைப் புதிய பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னோம். அதற்குக் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதினோம்: 'அம்மாயி வீட்டிலிருந்து என்ன தெரியும்?' அடுத்த கிழமை அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். கடைவீதி, ஆற்றில் உடுப்புத் துவைத்தது, சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. கடைசியில் ஒரு வரி: 'ராத்திரியில தண்ணிக்குள்ள கோயில் மணி கேக்கும்.'

"நீ கேட்டியாடா?"

"இல்லண்ணே. அம்மாயி சொன்னாங்க."

"பக்கத்து காம்பிரா தாத்தா என்ன சொல்றாரு?"

அவன் போய்க் கேட்டான். தாத்தா சிரித்தாராம். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே மாற்றினான்: 'ராத்திரியில கோயில் மணி கேக்கும்னு அம்மாயி சொல்லுவாங்க. தாத்தா இல்லன்னு சொல்றாரு. நான் கேட்டதில்ல.'

ஒப்படையை அப்படியே கொடுத்தான். எத்தனை புள்ளி வரும் என்று தெரியாது. இப்போது மழைக்காலம், தண்ணி நிறைஞ்சு கிடக்கு. 'வத்தினதும் போய் மணி இருக்கான்னு பாக்கணும்' என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.